மணி அடித்தது, மூன்றாம் அறை திறக்கவில்லை: ஒரு மண்டபத்தின் நிகழ்வு ஆய்வு

2023 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு. குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் உள்ள ஒரு மண்டபத்தில் மறுநாள் காலை கல்யாணம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒன்றரை மணிவாக்கில் ஜெனரேட்டர் அறையில் ஒரு கேபிள் சூடேறிப் புகைந்தது. புகை உணரி தன் வேலையைச் செய்தது. அபாய மணி அடித்தது. மாடியில் இருந்த ஆறு விருந்தினர் அறைகளில் ஐந்து அறைக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். மூன்றாம் அறை மட்டும் திறக்கவில்லை.

அந்த அறையில் படுத்திருந்தவர்கள் மாப்பிள்ளையின் சித்தி மகளும் அவள் கணவரும். இரண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, சைகை மொழிதான் பேச்சு. கதவைத் தட்டினார்கள், உதைத்தார்கள். பதற்றத்தில் ஒருவர் செல்போனில் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்தபோது இருவரும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உள்தாழ்ப்பாள் போடாமல் படுத்திருந்ததால்தான் சாவி உதவியது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேபிளை மாற்றினார்கள். காலையில் தாலி கட்டு நடந்தது, இலையில் அடைப் பிரதமன் விழுந்தது, எல்லோரும் கிளம்பிப் போனார்கள்.

அந்த மண்டபத்தின் பிளானில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

நான் சிவில் எஞ்சினியர். ஒரு அறக்கட்டளைக்காக 2019-ல் வரைந்து, 2021-ல் திறந்த கட்டடம் அது. தரைத்தளத்தில் 300 பேர் உட்காரும் கூடம், அதை ஒட்டி ஷீட் போட்ட சாப்பாட்டுக் கூடம், முன்பக்கம் ஒரு சிறிய அலுவலகம், மாடியில் ஆறு அறைகள், ஒரு லிஃப்ட். வாசலில் சாய்தளம் போட்டோம், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை உண்டு. லிஃப்ட் பொத்தான்களில் பிரெய்ல் உண்டு, எந்த மாடி என்று குரல் சொல்லும். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்று கேட்ட இடத்தில் 'உண்டு' என்று எழுதிக்கொடுத்தேன். பொய் எழுதியதாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணம் முடிந்து பத்து நாளில் அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் வந்தது, எனக்கும் ஒரு நகல். எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெண்வீட்டுப் பக்கத்து உறவு, எழுபதைத் தாண்டியவர். இரண்டு காதிலும் மிஷின் வைத்திருப்பவர். கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்தில் இரண்டு பக்கம். மூன்றாம் அறை விஷயத்தை முதலில் எழுதியிருந்தார். அடுத்து தன் விஷயம்: 'வாழ்த்திப் பேசிய ஒருவருடைய பேச்சும் எனக்குச் சொல்லாக வந்து சேரவில்லை. சத்தமாக வந்து சேர்ந்தது.' அப்புறம் அலுவலகக் கண்ணாடி. வாடகை ரசீது விஷயமாக ஏதோ கேட்கப் போயிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னது நான்கு தடவையும் புரியவில்லை, ஐந்தாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டார். கடைசி வரி எனக்கு: 'எஞ்சினியர் அவர்கள் 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 44-ம் பிரிவை வாசித்திருப்பார் என்று நம்புகிறேன்.'

வாசித்திருக்கவில்லை. அன்று இரவு வாசித்தேன்.

பழைய பட்டியலும் புதிய சட்டமும்

எங்கள் தொழிலில் 'மாற்றுத்திறனாளி வசதி' என்றதும் கை ஏன் சாய்தளத்தை மட்டும் வரைகிறது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் கட்டடத்தைப் பற்றிப் பேசியது 46-ம் பிரிவு. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், சக்கர நாற்காலிக்குத் தோதான கழிப்பறை, லிஃப்டில் பிரெய்லும் ஒலி அறிவிப்பும், மருத்துவமனைகளில் சாய்தளம். அந்தப் பட்டியலில் காது கேளாதவருக்கு ஒரு வரிகூடக் கிடையாது. இருந்ததையும் தங்கள் பொருளாதார சக்திக்கு உட்பட்டுச் செய்தால் போதும் என்று அரசுக்கு வசதி செய்து வைத்திருந்தார்கள். நான் 2019-ல் வரைந்த பிளானை இன்று எடுத்துப் பார்த்தால், 2017-லேயே காலாவதியாகிவிட்ட அந்தப் பட்டியலை வரிக்கு வரி நிறைவேற்றியிருக்கிறேன்.

புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அது எடுத்த எடுப்பில் 'தடை' என்றால் என்ன என்று சொல்கிறது. தகவல்தொடர்பு, பண்பாடு, பொருளாதாரம், சூழல் என்று அடுக்கிக்கொண்டு போய் கடைசியில்தான் கட்டமைப்புக்கு வருகிறது. வரிசையில் முதலில் நிற்பது தகவல்தொடர்புத் தடை. படிக்கட்டு எப்படிக் காலுக்குத் தடையோ, எதிரொலிக்கும் கூடம் அப்படிக் காதுக்குத் தடை. சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

பொதுக் கட்டடம் என்பதற்கும் அகலமான விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். பொதுமக்கள் வந்து போகிற கட்டடம் என்றால் போதும், அரசுடையதா தனியாருடையதா என்ற கேள்வி இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, வழிபாட்டிடம், பொழுதுபோக்குமிடம், நீதிமன்றம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் அதற்குள் வரும். தனியார் நிறுவனம் என்பதிலும் கம்பெனியோடு சேர்த்து சங்கம், கூட்டுறவு அமைப்பு, அறக்கட்டளை எல்லாம் அடக்கம். வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கும் உள்ள கடமை எங்கள் கல்யாண மண்டபத்துக்கும் உண்டு.

சரி, அந்தக் கடமை எங்கே எழுதியிருக்கிறது? 40-ம் பிரிவு: அணுகல் தரங்களை மத்திய அரசு விதிகளாக வகுக்க வேண்டும். 44: அந்த விதிகளுக்குப் பொருந்தாத பிளானுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது, பொருந்தாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது, குடியேறவும் விடக் கூடாது. 45: ஏற்கெனவே நிற்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன், ஆகவே அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. மீறினால் 89-ம் பிரிவின்படி முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த தடவைகளுக்கு 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

எங்கள் மண்டபம் விதிகள் வந்த பிறகு பிளான் போட்டது. 'பழைய கட்டடம், அவகாசம் வேண்டும்' என்று 45-ம் பிரிவுக்குப் பின்னால் ஒளியவும் வழியில்லை. நேராக 44.

யார் காது கேளாதவர்

அறக்கட்டளைச் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் கணக்குப் பார்க்கிறவர். கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கேட்டது இது: "சாருக்கு அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உண்டாமா?"

கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. சட்டத்தின் அட்டவணையில் அளவு போட்டிருக்கிறார்கள். இரண்டு காதிலும் பேச்சு அலைவரிசைகளில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். தலைமையாசிரியருக்கு ஒரு காதில் 62, இன்னொன்றில் 55. கணக்குப்படி பார்த்தால் அவர் எல்லைக்கு வெளியே நிற்கிறார். மிஷின் வைத்தும் கல்யாண வீட்டில் ஒரு சொல் பிடிபடாத ஆள், அட்டவணைக்குள் வரமாட்டார்.

ஆனால் அந்த அளவு சான்றிதழுக்கும் இடஒதுக்கீட்டுக்கும் உரியது. மாற்றுத்திறனாளி யார் என்ற பொது விளக்கத்தில் டெசிபலும் இல்லை, சதவீதமும் இல்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே வேறொரு விஷயத்தில் சொன்னது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் ஒருவர் தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்று மறுத்தார்கள். நியாயமான ஏற்பாடு கேட்க அந்த 40 சதவீதம் அவசியமில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது.

கட்டடத்துக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் கருத்து. சாய்தளத்தில் ஏறுகிறவரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை. மூட்டுவலிக்காரரும் ஏறுகிறார், சமையல்காரர் அண்டாவை உருட்டிக்கொண்டும் ஏறுகிறார். கடலோர ஊர்களில் முப்பது வருஷம் வள்ளத்தின் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் டிவியை உரக்க வைக்கிறார்கள் என்று அவரவர் வீட்டில் கேட்டுப் பார்த்தால் தெரியும். அவர்களில் பலர் ஆடியோகிராம் என்ற காது சோதனை எடுத்ததே இல்லை.

'ரத்து பண்ணியாச்சுல்லா'

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டும் தள்ளிப்போட்டுக்கொண்டும் இருந்தபோது 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பார்வையற்றவரான ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கு அது. 2017-லேயே ஒரு தடவை விரிவான உத்தரவுகள் வந்தன, பெரும்பாலானவை ஏட்டில் நின்றன. இந்தத் தடவை அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு வேறொரு முடிச்சில் கைவைத்தது. சட்டம் 'விதி' என்று சொன்ன இடத்தில், 2017 விதிகளின் 15-ம் விதி பல துறைகளின் வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டிவிட்டு நின்றுவிட்டது. வழிகாட்டு நெறி என்றால் செய்தாலும் செய்யலாம். சட்டம் கட்டாயம் என்றதை விதி விருப்பமாக்கிவிட்டது என்று சொல்லி, 15(1) சட்டத்தின் வரம்பை மீறியது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாதவற்றைத் தனியாகப் பிரித்து மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

செயலாளர் செய்தியைப் படித்துவிட்டு உற்சாகமாகக் கூப்பிட்டார். "எஞ்சினியரே, கோர்ட்டே விதிய ரத்து பண்ணியாச்சுல்லா. அப்போ நமக்கு என்ன?"

அவர் பிடித்த இடம் தலைகீழ். நீதிமன்றம் குறைசொன்னது விதியின் தளர்வை. 40, 44, 45, 89 எல்லாம் அப்படியே நிற்கின்றன. கட்டாய விதிகள் வந்ததும் நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் போடுவது வரை அமல்படுத்த வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உறைத்த இன்னொன்று, அணுகல் வசதிக்கும் நியாயமான ஏற்பாட்டுக்கும் அது போட்ட கோடு. அணுகல் வசதி யாரும் கேட்பதற்கு முன்பே, எல்லோருக்குமாக, கட்டடத்தில் இருக்க வேண்டியது. நியாயமான ஏற்பாடு ஒருவர் வந்து கேட்ட பிறகு அவருக்காகச் செய்வது. நாங்கள் ஒரு வருஷமாக மூன்றாம் அறையை இரண்டாவது வகையில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம்: 'இனி காது கேளாதவர் யாராவது வந்தால் ஒரு ஆளை வெளியே படுக்க வைப்போம்' என்று. அபாய அறிவிப்பு முதல் வகை.

மணியை வெளிச்சமாக்குதல்

அறைகளை முதலில் எடுத்தோம். இதில் யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏற்கெனவே உள்ள அபாய மணி இணைப்பில் ஒளிரும் விளக்குகளை ஒவ்வொரு அறையிலும், அறைக் கழிப்பறையிலும், நடைவழியிலும் சேர்த்தோம். வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை மின்னினால் போதும். அதற்கு மேல் வேகமாக மின்னினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. எல்லாம் ஒரே தாளத்தில் மின்ன வேண்டும், ஒன்றுக்கொன்று முந்தினால் அதுவும் அதே தொந்தரவுதான்.

ஆனால் கண்ணை மூடித் தூங்குகிறவருக்கு விளக்கு மட்டும் போதாது. தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுத் தகடு இரண்டு வாங்கி அலுவலகத்தில் வைத்தோம். அறை எடுக்கும்போதே கேட்டுக் கொடுப்பது என்று ஏற்பாடு. கூடவே மணியின் சுருதியையும் மாற்றினோம். வழக்கமான புகை உணரிகள் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கீச்சென்று கத்தும். வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவது அந்த மேல் சுருதிதான். 520 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தாழ்ந்த மணி தூங்குகிற முதியவர்களை அதைவிட நன்றாக எழுப்பும் என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள். நாங்கள் வைத்திருந்தது, யாரை எழுப்ப வேண்டுமோ அவருக்குக் கேட்காத மணி.

அவசர விளக்குகளையும் கூட்டினோம். இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி ஆடியிலும் கரண்ட் போகும், ஐப்பசி கார்த்திகையிலும் போகும். கரண்ட் போனால் நமக்கு வெளிச்சம் மட்டும் போகிறது. சைகையில் பேசுகிறவருக்கும் உதடு பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கும் பேச்சே போய்விடும். அந்தத் தம்பதியை மறுபடி வரவழைத்து, அவர்களுடைய அக்கா மொழிபெயர்க்க, மாடியைச் சுற்றிக் காட்டியபோது அந்தப் பெண் சொன்னது இது. என் தலையில் அதுவரை உதிக்காத விஷயம். அதே நடையில் அவள் காட்டிய இன்னொன்று: கதவில் சிறு கண்ணாடிப் பட்டை இருந்தால் நடைவழி விளக்கு மின்னுவது உள்ளே படும், யாராவது வந்து நின்றாலும் தெரியும். காலிங் பெல் அழுத்தினால் உள்ளே விளக்கு எரியும்படி செய்தோம். கதவுப் பட்டைக்குச் செயலாளர் சம்மதிக்கவில்லை. புதுமணத் தம்பதிகள் தங்கும் அறைகளில் கண்ணாடி எதற்கு என்றார். அதில் நான் வாதாடவில்லை.

கூடம்

எனக்குப் பிடித்ததும் என்னை அதிகம் படுத்தியதும் கூடம்தான்.

24 மீட்டர் நீளம், 12 அகலம், 5 உயரம். கன அளவு 1,440 கன மீட்டர். தரை டைல்ஸ், சுவர் பூச்சும் பெயின்டும், மேலே கான்கிரீட். ஒலியை உறிஞ்சும் பொருள் என்று எதுவுமே இல்லை. சபைனின் பழைய சூத்திரத்தில் போட்டால், சராசரி உறிஞ்சு எண் (மேலே படும் ஒலியில் சுவரும் தரையும் விழுங்கும் பங்கு) 0.04 என்று வைத்தால், காலிக் கூடத்தில் ஒரு சத்தம் அடங்க ஏறக்குறைய 6 வினாடி ஆகும். 300 பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் துணியும் உறிஞ்சி ஒன்றரை வினாடிக்கு வரும். நல்ல காதுக்கு அது போதும். மிஷின் வைத்தவருக்கு அது போதாது. பேசுகிறவர் சொன்ன சொல்லும் சுவரில் பட்டுத் திரும்பிய அதே சொல்லும் பக்கத்து வரிசைப் பேச்சும் மிஷினுக்கு ஒன்றுதான், எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும். தலைமையாசிரியர் எழுதிய 'சத்தமாக வந்து சேர்ந்தது' என்பதற்கு இயற்பியல் விளக்கம் இவ்வளவுதான். மைக் செட்காரர் வால்யூமைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். நம் ஊரில் எந்தக் குறைக்கும் முதல் மருந்து வால்யூம்தான்.

எங்கள் தறவாட்டு வீட்டில் ஓட்டுக் கூரையும் மரத்தட்டும் இருந்தது. அங்கே பாட்டி அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் தெளிவாகக் கேட்கும், அதே குரல் கான்கிரீட் வீட்டில் சிதறும். அந்தப் பழைய அறிவை நாங்களே இடித்துப் போட்டுவிட்டு இப்போது விலைக்கு வாங்குகிறோம்.

மேல்தளத்தில் ஒலி உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங் போட்டோம். உறிஞ்சு எண் 0.6 உள்ள பலகை. கணக்குப்படி காலிக் கூடத்திலேயே 1.2 வினாடிக்கு இறங்கியது. சாப்பாட்டுக் கூடத்தின் ஷீட் கூரையில் மழை விழுந்தால் வரும் இரைச்சல் கதவு வழியே வருவதைத் தடுக்கக் கதவு விளிம்பில் ரப்பர் ஒட்டினோம். ஷீட்டை மாற்றப் பணம் இல்லை.

அடுத்தது லூப். கூடத்தைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி. மைக்கில் பேசுவதை ஒரு ஆம்ப்ளிஃபயர் அதில் மின்னோட்டமாகச் செலுத்தும். கூடத்துக்குள் காந்தப்புலம் உண்டாகும். காது மிஷினில் டி-காயில் என்ற சின்னச் சுருள் இருந்தால் அது பேச்சை நேராக வாங்கிக்கொள்ளும். இடையில் காற்று இல்லை, எதிரொலி இல்லை, பக்கத்து வரிசை அத்தை இல்லை. ஐ.இ.சி. 60118-4 என்ற உலகத் தரம் இதற்கு உண்டு. உச்சத்தில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் புலம் வேண்டும், உட்கார்ந்தவர் காது உயரமான 1.2 மீட்டரில் அளக்க வேண்டும்.

தரைக்கடியில் உள்ள கம்பிக்கட்டு காந்தப்புலத்தை விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாது. 12 மீட்டர் அகலத்தைச் சுவரோரம் மட்டும் சுற்றியபோது நடுவில் ஒன்றுமே கிடைக்கவில்லை. ஒரு வரிசை டைல்ஸைப் பெயர்த்து, நடுவே கம்பியைக் கொண்டுபோய் எட்டு வடிவத்தில் சுற்றினோம். எட்டில் ஒரு சிக்கல்: நடுக் கம்பிக்கு நேர் மேலே புலம் செத்துவிடும். நல்லவேளை, அங்கே நாற்காலி போடுவதில்லை. வாசலிலிருந்து மேடைக்குப் போகும் நடுப்பாதை அது.

2025 தொடக்கத்தில் சோதித்துப் பார்த்த அன்று தலைமையாசிரியரை நான்காவது வரிசையில் உட்கார வைத்தோம். செயலாளர் மைக்கில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்றார். தலைமையாசிரியர் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய மிஷினில் டி-காயில் இருந்தது, ஆனால் மிஷினைப் பொருத்தியவர் அதற்கான புரோகிராமைத் திறந்தே விடவில்லை. திருவனந்தபுரம் போய்த் திறந்துகொண்டு வந்தார். இந்த ஒரு காரியத்துக்காக ஒரு பகல். மிஷின் வாங்கும்போதே டி-காயில் உண்டா, திறந்திருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். சின்ன மிஷின்கள் பலவற்றில் அது கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கும் மிஷினே இல்லாதவர்களுக்கும் என்று கழுத்தில் மாட்டும் ரிசீவரும் ஹெட்போனும் ஐந்து வாங்கி வைத்தோம்.

இரண்டாவது சோதனையில் கேட்டார். முகம் மலர்ந்தது. பிறகு சொன்னார்: "கேக்குவு மக்ளே. ஆனா இவரு பேசுதத விட ஒரு உறுமல் நல்லா கேக்குவு."

மின்வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அது. மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி ஒரு வழியிலும் அது திரும்பும் நியூட்ரல் கம்பி வேறொரு வழியிலும் போனால் கூடமே ஒரு பெரிய லூப்பாகிவிடும், டி-காயில் அதையும் வாங்கும். மேடையின் சீரியல் விளக்குகளுக்கு எலக்ட்ரீஷியன் கைக்கெட்டிய நியூட்ரலை எங்கிருந்தோ எடுத்திருக்கிறார். எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். சேர்த்து ஓட்டியதும் உறுமல் பெரும்பாலும் போயிற்று.

மனிதர்களை வயரிங் செய்ய முடிவதில்லை. லூப்புக்குக் கேட்பது மைக்குக்குக் கேட்பது மட்டும்தான். 'எனக்கு மைக் வேண்டாம், என் குரலே எட்டும்' என்று மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு வாழ்த்திப் பேசும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மேடையருகே ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறோம். மாமாக்கள் அதையெல்லாம் படிப்பதில்லை.

கண்ணாடியும் லிஃப்டும், சைகைக்காரர்களும்

அலுவலகத்தைச் சரிசெய்ய அரை நாள் போதுமானதாக இருந்தது. கண்ணாடியில் பேசும் துளை இடுப்பு உயரத்தில் இருந்தது, அதை முகத்துக்கு நேரே கொண்டுவந்தோம். ஊழியருக்குப் பின்னால் ஜன்னல் இருந்ததால் முகம் கறுப்பாகத் தெரிந்தது, உதடு தெரியவில்லை. மேஜையைத் திருப்பிப் போட்டோம், முகத்தில் விழும்படி ஒரு விளக்கு. கவுன்டரில் சின்ன லூப். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். அதிகம் பயன்படுவது நோட்டுப் புத்தகம்தான்.

லிஃப்ட் இன்னும் ஆகவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டால் மணியை அழுத்தி, குரல் வழியாகப் பேச வேண்டும். காது கேளாதவருக்கு அழைப்பு போனதா, ஆள் வருகிறதா என்று தெரிய வழியே இல்லை. இரண்டு சின்ன விளக்கு வேண்டும்: அழைப்பு சென்றது, உதவி வருகிறது. லிஃப்ட் கம்பெனி ஏழு மாதமாக 'பார்க்கிறோம்' என்கிறது.

லூப்பால் அந்தத் தம்பதிக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் அதிகம் செலவழித்தது தலைமையாசிரியரின் காதுக்கு. சைகை மொழிக்காரர்களுக்கு வேண்டியது மேடையில் மொழிபெயர்ப்பாளர் நிற்க வெளிச்சமான ஓரிடம், அவரை மறைக்காத முன்வரிசை, அறிவிப்புகளுக்கு ஒரு திரை. வெளிச்சமும் திரையும் வைத்துவிட்டோம். மொழிபெயர்ப்பாளருக்கு யார் பணம் கொடுப்பது, மண்டபமா கல்யாண வீட்டாரா என்று இன்னும் முடிவாகவில்லை. என்னைக் கேட்டால், கூட்டம் மண்டபத்துடையது என்றால் மண்டபம், கல்யாணம் என்றால் வீட்டார். செயலாளர் அதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்கிறார்.

மொத்தச் செலவு, முகப்பில் நாங்கள் எழுப்பிய அலங்கார வளைவுக்கு ஆனதைவிடக் குறைவு. அதில் பெரும்பகுதி பெயர்த்ததற்கும் ஒட்டியதற்கும் போனது. 2019-ல் மின்வரைபடத் தாளில் நான்கு கோடு கூடுதலாக வரைந்திருந்தால் கம்பியைத் தரை போடும்போதே புதைத்திருக்கலாம்.

தலைமையாசிரியர் சும்மா இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது, கடிதத்தோடு நிறுத்தாமல் இன்னும் போயிருந்தால் வேகமாக நடந்திருக்கும். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகலாம், சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரங்கள் உண்டு. அவர் ஓர் அதிகார அமைப்புக்குப் பரிந்துரை செய்தால் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "முதல்ல உனக்கு ஒரு வாய்ப்பு தரலாம்னு நெனச்சேன்" என்றார்.

இப்போது என் மேஜையில் குழித்துறைப் பக்கம் ஒரு கிளினிக்கின் பிளான் இருக்கிறது. சாய்தளம் வரைந்தாயிற்று. மின்வரைபடத் தாள் காலியாக இருக்கிறது, சனிக்கிழமை எலக்ட்ரீஷியன் வருகிறார். நியூட்ரலை எங்கிருந்து எடுக்கப் போகிறார் என்றுதான் முதலில் கேட்கப் போகிறேன்.